கடுகும் குன்றும்: பிரிவுபடாப் பகுதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவில் ஊர்ப்பெயரிலேயே குன்றைத் தாங்கி நிற்பது. அவ்வூர்க் குடைவரை பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தது, அதாவது கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அதன் முன்னே பிற்காலத்தார் எழுப்பிய மண்டபம் சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேர் வடிவில் அமைந்துள்ளது. கலை வரலாற்றாசிரியர்கள் இவற்றைப் பற்றி வேண்டிய அளவு எழுதிவிட்டனர். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது வேறொரு வினா. பாறையைக் குடைபவன் கல்லைச் சில்லாக்குகிறான், சில்லைத் துகளாக்குகிறான், துகள் பொடியாகிறது. இந்தப் பிரிவினைக்கு ஓர் எல்லை உண்டா? அல்லது பொடியின் பொடியையும் முடிவின்றிப் பிரித்துக்கொண்டே செல்லலாமா?

இவ்வினாவைத் தமிழ் மண்ணில் எழுப்பியோர் இருந்தனர். பஸராவிலும் பக்தாதிலும் நம் முன்னோரான கலாம் அறிஞர்களும் எழுப்பினர். இரு சாராரையும் ஒருசேர வைத்து நோக்கும் கட்டுரைகள் தமிழில் அரிது. நோக்கும் சிலவும் பெரும்பாலும் பெருமை பேசுவதில் முடிந்துவிடுகின்றன.

முதலில் தமிழ்ச் சான்று. மணிமேகலையின் 27ஆம் காதையாகிய சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் வஞ்சி நகரத்து ஆசீவக ஆசிரியர் ஒருவர் தம் கோட்பாட்டை விரித்துரைக்கிறார். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணுக்கள் ஐவகை. அவை புதிதாய்ப் பிறப்பதில்லை, அழிவதும் இல்லை. ஒன்று மற்றொன்றினுள் புகாது. நில அணு நீரணுவாக மாறாது. அவை செறிந்து மலையாகவும் ஆகும். உட்புழை கொண்ட மூங்கிலாகவும் ஆகும். ஒரு பொருளில் நால்வகை அணுக்கள் ஒன்று, முக்கால், அரை, கால் என்ற அளவில் கூடும். எது மிகுதியோ அதன் பெயரையே அப்பொருள் பெறும். தனி அணுவைத் தெய்வக் கண்ணுடையோர் அன்றிப் பிறர் காணார். இதற்கு அவர் தரும் உவமை வியக்கத்தக்கது: அந்தி மங்கலில் ஒற்றை மயிர் கண்ணுக்குப் புலப்படாது, மயிர்க்கற்றையோ புலப்படும்.

காணமுடியாத ஒன்றைக் கூட்டத்தின் வாயிலாக அறிவது என்னும் இக்கருத்தை, நூலில் உள்ள மற்ற அனைத்தையும்விட மேலானதாக நாம் கருதுகிறோம். ஒன்று, முக்கால், அரை, கால் என்ற விகிதத்தைச் சுட்டி டால்ட்டனுக்கு முன்பே தமிழர் வேதியியல் கண்டனர் என்று எழுதுவோர் உளர். டால்ட்டன் தம் விகிதங்களைத் தராசிலிருந்து பெற்றார். ஆசீவகர் எதையும் நிறுத்துப் பார்த்ததாக மணிமேகலை கூறவில்லை.

ஆசீவகர் வெறும் காப்பியப் பாத்திரங்கள் அல்லர். நீலகேசியில் அவர்களுக்கெனத் தனிச் சருக்கம் உண்டு. பூரணன் என்னும் ஆசிரியனோடு நீலகேசி வாதிடுகிறாள். ஏ.எல். பாஷம் 1951இல் வெளியிட்ட ஆசீவகர் வரலாற்றில், வடக்கே மறைந்த பின்னரும் தென்னாட்டில் அவர்கள் 14ஆம் நூற்றாண்டு வரை நிலைத்திருந்தனர் என்று கல்வெட்டு வரிகளைக் கொண்டு முடிவு செய்தார். குன்றாண்டார்கோவிலைப் போலவே புதுக்கோட்டை மாவட்டத்தில் அமைந்த சித்தன்னவாசலை ஆய்வாளர் பெரும்பாலோர் சமணருடையது என்பர், பேராசிரியர் க. நெடுஞ்செழியன் அது ஆசீவகருடையது என வாதிட்டார். பெரும்பாலோர் கருத்தே வலுவுடையது என்பது நம் எண்ணம். எனினும் அணுவைப் பொறுத்தவரை இந்த வழக்கு எப்படி முடிந்தாலும் வேறுபாடு இல்லை. சமணரும் அணுக்கொள்கையினரே. பசையுடைய அணுவும் வறட்சியுடைய அணுவும் கூடுவது பற்றித் தத்துவார்த்த சூத்திரம் நுணுக்கமாகப் பேசுகிறது. எப்படிப் பார்த்தாலும், அணுவைப் பற்றிச் சிந்தித்தவர்கள் இம்மாவட்டத்துப் பாறை நிழலில் வாழ்ந்திருக்கிறார்கள்.

வைசேடிகரின் கணக்கு ஒன்றையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அணு இரண்டு சேர்ந்து ஓர் இரட்டை. இரட்டை மூன்று சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய பொருள். சாளரத்து வெயிலில் மிதக்கும் தூசியே அது என்பர். ஆக, கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய பொருளில் ஆறு அணுக்கள்.

இனி பஸராவுக்குச் செல்வோம். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முஃதஸிலாக்களின் தலைவர்களுள் ஒருவரான அபுல் ஹுதைல் அல்-அல்லாஃப், பொருள்கள் யாவும் 'அல்ஜுஸ்உல்லதீ லா யதஜஸ்ஸஉ', அதாவது இனிப் பிரிவுபடாத பகுதிகளால் ஆனவை என்றார். அவருடைய நூல்கள் நமக்குக் கிட்டவில்லை. இமாம் அபுல் ஹஸன் அல்-அஷ்அரீ (மறைவு ஹி. 324 / கி.பி. 935–36) எழுதிய 'மகாலாத்துல் இஸ்லாமிய்யீன்' வழியாகவே அவர்தம் கருத்துகளை அறிகிறோம். ஒரு பொருள் உருவாகக் குறைந்தது எத்தனை பகுதிகள் வேண்டும் என்பதில் இருந்த கருத்து வேறுபாடுகளை அந்நூல் பட்டியலிடுகிறது. இரண்டு போதும் என்றார் இஸ்காஃபீ. அபுல் ஹுதைல் ஆறு என்றார். முஅம்மர் எட்டு என்றார். ஹிஷாம் அல்-ஃபுவத்தீ முப்பத்தாறு என்றார். இவற்றைக் காலத்தை வீணாக்கிய வாதங்கள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் நீளம், அகலம், உயரம் அற்ற ஒன்றிலிருந்து நீளம், அகலம், உயரம் உள்ள பொருள் எப்படிப் பிறக்கும் என்ற உண்மையான இடர்ப்பாட்டை அவர்கள் தீர்க்க முயன்றனர்.

அபுல் ஹுதைலின் ஆறும் வைசேடிகரின் ஆறும் ஒன்றாயிருப்பது ஆர்வமூட்டுவதே. ஷ்லோமோ பைனஸ் 1936இல் பெர்லினில் வெளியிட்ட இஸ்லாமிய அணுக்கொள்கை பற்றிய ஆய்வில் இத்தகைய இந்திய ஒப்புமைகளை முன்வைத்தார். 'சுமனிய்யா' என்ற பெயரில் இந்தியத் தொடர்புடைய ஒரு கூட்டத்தாரோடு முஃதஸிலாக்கள் வாதிட்ட செய்திகளும் அரபு நூல்களில் உண்டு. ஆயினும் அபுல் ஹுதைலின் ஆறு வந்த வழி வேறு: மேல், கீழ், வலம், இடம், முன், பின் என்னும் ஆறு திசைகளுக்கு ஆறு பகுதிகள். அல்நூர் தனானீ 1994இல் வெளியிட்ட ஆய்வு, கலாம் அறிஞர்களின் அணு கிரேக்கத்து எபிக்கூரஸின் மீச்சிறு பகுதிகளோடு நெருங்கியது என்று காட்டியது. மணிமேகலை அரபிக்குச் சென்றது என்றோ, தமிழ்க் கடற்கரை வணிகர் அணுக்கொள்கையைப் பஸராவுக்கு ஏற்றுமதி செய்தனர் என்றோ சொல்வதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. சொல்ல ஆசை மட்டும் உண்டு.

அபுல் ஹுதைலை எதிர்த்தவர் அவர் குடும்பத்தவரே. அவருடைய சகோதரி மகன் என்று கூறப்படும் அந்-நஸ்ஸாம், பிரிவினைக்கு எல்லையே இல்லை என்றார். அப்படியானால் ஒரு பாறையின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு ஓர் எறும்பு எப்படிச் செல்லும்? எண்ணற்ற பகுதிகளை எண்ணக்கூடிய நேரத்தில் அது எவ்வாறு கடக்கும்? நஸ்ஸாமின் விடை 'தஃப்ரா', அதாவது தாவல். இடையிலுள்ள சில இடங்களைத் தொடாமலே எறும்பு அப்பால் சென்றுவிடுகிறது என்பது அவர் கருத்து. சமகாலத்தார் இதை நகைத்தனர். பிற்காலத்து நூலாசிரியர்களும் வேண்டாத கொள்கைக்கு எடுத்துக்காட்டாக இதையே காட்டினர். ஆனால் அவர்கள் நகைத்த அளவுக்கு வினா எளிதாயிருக்கவில்லை.

அஷ்அரீகள் முஃதஸிலாக்களின் பல முடிவுகளைத் தள்ளினர், அணுவைத் தள்ளவில்லை. அதைத் தம் வழியில் மேலும் வளர்த்தனர். பிரிவுபடாத பகுதி 'ஜவ்ஹர்'. இடத்தை அடைத்துக்கொள்ளுதல், அதாவது தஹய்யுஸ், அதன் இயல்பு. நிறம், சுவை, அசைவு முதலியன அதன்மேல் நிகழும் 'அரள்'கள். எந்த அரளும் இரண்டு கணம் நீடிப்பதில்லை. படைத்தவன் ஒவ்வொரு கணமும் அதைப் புதிதாய்ப் படைக்கிறான். நெருப்பு பஞ்சை எரிக்கிறது என்பது நாம் காணும் வழக்கமேயன்றித் தவிர்க்கமுடியாத காரணத் தொடர்பு அன்று என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் 'தஹாஃபுத்'தின் பதினேழாம் வினாவில் வாதிடுவது இப்பின்னணியில் வைத்துப் படிக்கத்தக்கது. ஆசீவகரின் அணு என்றும் அழியாதது. அஷ்அரீகளின் அணுவோ ஒரு கணம் கூடத் தானே நிற்கவல்லது அன்று. அணு என்ற பெயர் ஒன்றாயினும் நோக்கம் நேர் எதிரானது.

இங்கேதான் உண்மையான இடர் தோன்றியது. காழீ அபூபக்ர் அல்-பாகில்லானீ (மறைவு கி.பி. 1013) பிரிவுபடாப் பகுதியையும் அரள் நீடிப்பதில்லை என்பதையும் அகீதாவின் முன்கோள்களாக நிறுவினார். ஆதாரம் பொய்த்தால் நிறுவப்பட்டதும் பொய்க்கும் என்பது அவர் கொண்ட விதி. ஆகவே அணுவை நம்புவது அகீதாவுக்குப் பக்கபலமாக அல்ல, அதற்கு நிபந்தனை போலவே ஆயிற்று. இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் இதைத் தெளிவாக எடுத்துரைக்கிறார். பின்வந்தோர் தர்க்கக் கலையைக் கற்றபின் அவ்விதியைக் கைவிட்டனர் என்றும் அவரே கூறுகிறார். கைவிடாதிருந்தால் என்னவாகியிருக்கும்? பௌதிகக் கருத்து ஒன்று ஆட்டங்காணும்போதெல்லாம் நம்பிக்கையும் ஆட்டங்கண்டிருக்கும்.

ஆட்டங்காணச் செய்யும் வாதங்கள் விரைவிலேயே வந்தன. மூன்று அணுக்கள் வரிசையாக ஒட்டி நிற்கின்றன எனக் கொள்வோம். நடு அணு இருபுறத்தாரையும் பிரித்து வைக்கிறதா இல்லையா என்று இப்னு சீனா (மறைவு கி.பி. 1037) வினவினார். பிரித்து வைக்கிறது என்றால் அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் உண்டு. பக்கங்கள் உள்ளது பிரிவுபடும். பிரித்து வைக்கவில்லை என்றால் மூன்றும் ஒன்றினுள் ஒன்றாய்ப் புகுந்துவிடும். பொருளுக்குப் பருமனே இராது. ஸ்பெயினின் இப்னு ஹஸ்மும் வேறு வழியில் அணுவை மறுத்தார்.

நம் மதரஸாக்கள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவரும் 'ஷரஹுல் அகாயித்' இவ்வாதங்களை எவ்வாறு கையாள்கிறது என்பது தனிக்கவனத்துக்குரியது. அந்-நஸஃபீயின் மூலபாடம் ஜவ்ஹரைப் பிரிவுபடாத பகுதி என்று ஒரு தொடரில் சொல்லிச் செல்கிறது. உரைகாரர் அல்லாமா தஃப்தாஸானீ (மறைவு கி.பி. 1390) அத்தொடரில் நின்று, அணு உண்டு என்போரின் ஆதாரங்களை எடுத்து வைக்கிறார். அவற்றுள் வலிமை மிக்கது: முழுமையான உருண்டை ஒன்றை முழுமையான சமதளத்தின் மேல் வைத்தால் அது பிரிவுபடாத ஒரே பகுதியில்தான் தொடும். பெயர் பெற்றது: எல்லாப் பொருளும் முடிவின்றிப் பிரியுமானால் கடுகு மலையைவிடச் சிறியதாய் இராது, இரண்டிலும் பகுதிகள் எண்ணற்றவையாகிவிடுமே.

இவற்றைச் சொன்ன கையோடு, இவை வலுவற்றவை என்று தஃப்தாஸானீயே எழுதுகிறார். கடுகும் மலையும் பற்றிய வாதத்தில் பிழை எங்கே என்றும் காட்டுகிறார்: பொருளின் பெருமையும் சிறுமையும் அதில் அடங்கிய பகுதிகளின் எண்ணிக்கையால் வருவன அல்ல. (சிறு கோட்டிலும் நெடுங்கோட்டிலும் உள்ள புள்ளிகள் எண்ணத்தில் சமம் என்று ஜெர்மானியக் கணிதர் கான்டர் நிறுவியது 1870களில்தான் என்பதை நினைக்கும்போது, உரைகாரரின் கூர்மை நம்மை நிறுத்தி வைக்கிறது.) அணுவை மறுப்போரின் ஆதாரங்களும் பலவீனம் அற்றவை அல்ல, ஆதலின் இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (மறைவு கி.பி. 1210) இவ்வினாவில் முடிவு கூறாது நிற்பதையே விரும்பினார் என்றும் சொல்கிறார். பிறகு ஏன் இந்த வாதம் என்ற வினாவையும் அவரே எழுப்புகிறார். மூலப்பொருள், வடிவம் என்ற தத்துவவாதிகளின் கோட்பாடு உலகம் அநாதியானது என்ற முடிவுக்கு இட்டுச் செல்லும். அணுக்கொள்கை அதிலிருந்து காக்கிறது என்பது அவர் விடை. ஆக, கலாமின் அணு ஆய்வுக்கூடத்தில் பிறந்தது அன்று. படைப்பாளன் ஒருவன் உண்டு, உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதைக் காக்க எழுப்பிய மதில் அது. அந்த மதில் எவ்வளவு உறுதியானது என்பதை மாணவனிடம் மறைக்காமல் சொன்ன நேர்மைதான் அந்நூலின் பெருமை.

இந்நேர்மைக்கு மாறான ஒரு போக்கு அண்மைக் காலத்து மேடைகளிலும் சிறு நூல்களிலும் காணப்படுகிறது. திருக்குர்ஆன் 10:61, 34:3 ஆகிய வசனங்களில் 'தர்ரா'வின் எடையளவும், அதைவிடச் சிறியதும் பெரியதும் இறைவனின் அறிவுக்குத் தப்பாது என்று வருகிறது. இதில் அணுவும் அணுவினும் சிறிய எலெக்ட்ரானும் முன்னறிவிக்கப்பட்டன என்பர். 'தர்ரா' என்பதற்குப் பழைய அரபு அகராதிகள் கூறும் பொருள் சிற்றெறும்பு, அல்லது சூரியக் கதிரில் மிதக்கும் தூசி என்பது. நவீன அரபு அறிவியல் அச்சொல்லைத் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது பிற்காலத்து நிகழ்வு. தமிழில் குழப்பம் இரட்டிப்பாகிறது. 99ஆம் அத்தியாயத்தின் இறுதி வசனங்களில் வரும் 'தர்ரா'வைத் தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவும் 'அணுவளவு' என்றே பெயர்க்கின்றன. அது நல்ல தமிழ். மிகச் சிறிய அளவு என்ற பழைய வழக்கு அது. பள்ளிப் பாடநூல் அதே 'அணு'வை வேறொரு கலைச்சொல்லாக்கிவிட்டது. பாடநூல் அணுவை எடுத்து வசனத்தில் பொருத்திப் படித்தால், மொழிபெயர்ப்பாளர் எண்ணாத ஒன்று வாசகர் மனத்தில் வந்து உட்காருகிறது.

திருவள்ளுவமாலைக்கும் இதே கதிதான். இடைக்காடர் பெயரால் வழங்கும் பாடல் குறளைத் துளையிட்ட கடுகுக்கு ஒப்பிடுகிறது. ஔவையார் பெயரால் வழங்குவது கடுகை அணுவாக்குகிறது. சொற்சுருக்கத்தைப் புகழ எழுந்த உயர்வு நவிற்சியை அணுப்பிளப்புக்கு ஆதாரமாக்கியவர்களை நாம் அறிவோம். அவர்களை நகைப்பவர்கள் 'தர்ரா'வில் எலெக்ட்ரானைத் தேடுவது பொருந்தாது. லுக்மான் தம் மகனுக்குக் கூறிய அறிவுரையிலும் (31:16) கடுகு வருகிறது: கடுகின் எடையளவே ஆயினும், பாறையினுள் இருந்தாலும், இறைவன் அதை வெளிக்கொணர்வான். அங்கே நிறுக்கப்படுவது மனிதனின் செயல்.

அப்படியாயின் இன்றைய அணு எது? பிரிவுபடாதது அன்று என்பதே முதல் விடை. 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டார். 1909இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய பொன்தகட்டின்மேல் ஆல்ஃபாத் துகள்களைப் பாய்ச்சினர். பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. மிகச் சில பின்னோக்கித் தெறித்தன. அணுவின் எடை ஏறத்தாழ முழுவதும் நடுவே மிகச்சிறு கருவில் அடங்கியிருக்கிறது என்று ரூதர்ஃபோர்டு 1911இல் முடிவு செய்தார். அணுவின் விட்டம் கருவினதைப்போல் பல்லாயிரம் மடங்கு. கருவில் புரோட்டான்களும், 1932இல் சாட்விக் கண்ட நியூட்ரான்களும் உள்ளன. புரோட்டான் எண்ணிக்கையே தனிமத்தைத் தீர்மானிக்கிறது: ஆக்சிஜனுக்கு 8, சிலிக்கனுக்கு 14, பொட்டாசியத்துக்கு 19.

இத்தனை வெற்றிடம் இருந்தும் பாறை ஏன் கையை உள்ளே விடுவதில்லை? எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதும், ஒரே நிலையில் இரு எலெக்ட்ரான்கள் இருக்க இயலாது என்று 1925இல் பௌலி கண்ட விதியுமே காரணம். ஒன்றினுள் ஒன்று புகாது என்று ஆசீவகரும், தஹய்யுஸ் என்று அஷ்அரீகளும் சொன்னது அணுவின் தன்னியல்பு. இன்றைய விடையில் அது எலெக்ட்ரான்களின் நடத்தை.

மயிர்க்கற்றை உவமையின் முடிவும் சொல்லத்தக்கது. நீரில் மிதக்கும் நுண்துகள்களின் தள்ளாட்டத்தை ஐன்ஸ்டைன் 1905இல் கணக்கிட, பாரிஸில் பெர்ரன் அளந்து பார்த்தார். அணுவை ஐயுற்ற அறிஞர் பலர் அதன்பின் ஏற்றுக்கொண்டனர். அதுவும் கூட்டத்தைக் கண்டு தனியை அறிந்ததே. தனி அணுவின் உருவம் 1955இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், டங்ஸ்டன் ஊசிமுனையில் தெரிந்தது. கண்டவர்கள் எர்வின் முல்லரும், அவரிடம் பயின்ற இந்தியர் கன்வர் பகதூரும்.

கடுகுக்கும் மலைக்கும் உள்ள வழக்கும் எண்ணிக்கையில் தீர்ந்துவிட்டது. இரண்டு மில்லிகிராம் எடையுள்ள ஒரு கடுகில் அணுக்கள் பத்து இலட்சம் கோடி கோடிக்கும் சற்று மேல். பேரெண்ணே ஆயினும் முடிவுள்ள எண். மலையில் அதைவிட மிகுதி. தஃப்தாஸானீ வலுவற்றது என்று ஒதுக்கிய வாதத்தின் முடிபு, வேறு ஆதாரங்களால் கடுகைப் பொறுத்தவரை சரியாயிற்று. பிரிவுபடாமை மட்டும் நிற்கவில்லை.

அழியாமையும் நிற்கவில்லை. கருங்கல்லில் குவார்ட்ஸோடு கலந்துள்ள ஃபெல்ட்ஸ்பாரில் பொட்டாசியம் உண்டு. இயற்கைப் பொட்டாசியத்தில் பத்தாயிரத்துக்கு ஒன்றைச் சற்றே மிஞ்சிய பங்கு பொட்டாசியம்-40. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். ஒரு கிராம் பொட்டாசியத்தில் விநாடிக்கு முப்பது அணுக்கள் அளவில் சிதைகின்றன. ஒரு கிலோ கல்லில் முப்பது கிராம் பொட்டாசியம் இருக்குமானால் விநாடிக்குத் தொள்ளாயிரத்துக்கும் மேல். எந்த அணு அடுத்துச் சிதையும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. மொத்தத்தில் எத்தனை என்பதை மட்டும் துல்லியமாய்ச் சொல்லலாம். இதில் அஷ்அரீகளின் 'வழக்கம்' என்ற கருத்து மெய்ப்பிக்கப்பட்டது என்று எழுதும் ஆசை எவருக்கும் எழும். பாகில்லானீயின் விதியைப் புதுவேடத்தில் மீண்டும் அழைத்து வருவதாகும் அது. இன்னொரு நூற்றாண்டில் இப்பௌதிகமும் திருத்தப்படலாம்.

சிதையும் பொட்டாசியம்-40 அணுக்களில் நூற்றுக்கு 89 அளவில் கால்சியமாகின்றன. 11 அளவில் ஆர்கான் வாயுவாகிக் கனிமத்தினுள்ளேயே சிறைப்படுகின்றன. புவியியலார் கனிமத்தை உருக்கி அந்த ஆர்கானை அளந்து, அது இறுகிய காலத்தைக் கணிக்கின்றனர். புதுக்கோட்டைப் பகுதியின் பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. குன்றாண்டார்கோவிலில் உளி பட்டதிலிருந்து இன்றுவரை சென்றது ஏறத்தாழ 1250 ஆண்டுகள். அந்த இடைவெளியில் அப்பாறையின் பொட்டாசியம்-40 அணுக்களில் சிதைந்தவை கோடிக்கு ஏழு.